செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்

இன்று ஒரு பாடம் நடத்தினேன். சரியாக நடத்தினேனா என்று தெரியவில்லை.

எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் போன் எடுக்கிறார். மெட்ராஸ்காரர் ஒருவர் போனில் டியூஸ்டே என்றதை அக்கா தர்ஸ்டே என்று எழுதிவிட்டார். கைக்குழந்தையோடு வந்தவர்கள் ரூம் இல்லாமல் மழையில் அலைந்திருக்கிறார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

“ஏனுங்க டீச்சர், நீங்கதான் சொல்லிக் குடுக்கோணும்.”

நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். எந்தக் கிழமை என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்லத் தப்புதான் கூடியது.

“நொம்பக் கொழம்புதுங்க” என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

நிறுத்திவிட்டு, வியாழக்கிழமை வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டேன்.

“வியாழன் ராத்திரிதான் எங்களுக்கு வெள்ளி ராவுங்களே. பொழுது சாஞ்சதும் ஊட்ல ஊதுபத்தி ஏத்தி குர்ஆன்ல யாசீன் ஓதுவோமுங்க.”

“தர்ஸ்டேன்னு காதுல விழுந்தா அந்த ஊதுபத்திய நெனச்சுக்கங்க அக்கா. சரி, செவ்வாக்கெழமை?”

“எங்க அத்தா மௌத்தானது ஒரு செவ்வாக்கெழமைங்க.”

அதன் பிறகு நான் எப்படிக் கேட்டாலும் தடுமாறவில்லை. வேலைக்கு இனி பயமில்லை.

ஆனால் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே டியூஸ்டே ரூம் கேட்கும்போதெல்லாம், அவருக்கு அப்பாவின் சாவு ஞாபகம் வரும்.

இதைப் படிக்கிறவர்களில் வாத்தியார்கள் இருந்தால், வேறு வழி சொல்லுங்கள். அக்கா காலையில் வேலைக்குக் கிளம்புவதற்குள் சொல்லுங்கள்.