மச்சான் பிடித்துத் தைத்த சைக்கிள்

பால் பொங்கி வருகிற நேரத்தில் என் வீட்டுக்காரி அஞ்சலை டீக்கடைக்கு வந்தாள். காலையில் அவள் கடைப்பக்கம் வரமாட்டாள். வந்தால் ஏதோ சண்டை இருக்கிறது என்று அர்த்தம். "இன்னாடி, விடியறதுக்குள்ள கச்சேரியா?" என்று கேட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன், அவள் காலில் செருப்பு இல்லை.

"அண்ணன் போய்டுச்சுங்க" என்றாள்.

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

கச்சிராயபாளையத்தில் டெய்லர் தங்கராசுவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அஞ்சலைக்குக் கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். பஸ் நிறுத்தத்தில் என் டீக்கடையை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தையல் கடை. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அவரைப் பற்றி எழுத எனக்கு இருக்கிற ஒரே தகுதி, இந்த ஊரில் அவரை அதிகமாகக் கேலி செய்தவன் நான் என்பதுதான். அவர் நெட்டை, நான் குட்டை. இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் கொக்கும் வாத்தும் மாதிரி இருப்போம் என்று அவரே சொல்வார்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவர் தைத்த பள்ளிக்கூடப் பாவாடையையும் டவுசரையும் போட்டவர்கள். பாவாடைக்குக் கீழே உள்பக்கமாக மூன்று மடிப்பு வைத்துத் தைப்பார். வருஷத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும், புதுப் பாவாடை வேண்டாம். பிரித்த இடம் மட்டும் சாயம் போகாமல் பளிச்சென்று தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்தே பிள்ளை எந்த வகுப்பு என்று நான் சொல்லிவிடுவேன். கரும்பு வெட்டப் போகிற அம்மாக்கள் அவரைக் கும்பிடாத குறை. அளவெடுக்கும்போது யாராவது, "அண்ணே, தொளதொளன்னு இருக்குமோ?" என்று கேட்டால், அவர் தலையைத் தூக்காமலே சொல்வார்: "வளர்ற புள்ளம்மா. இருக்கட்டும்."

இந்த வளர்ற புள்ள கணக்குதான் ஒரு முறை அவரை மாட்டிவிட்டது.

எங்கள் மகள் பூங்கோதைக்குக் காது குத்து தள்ளித் தள்ளிப் போய், அவள் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போதுதான் நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் சீர் மேளத்தோடு தெருவைச் சுற்றி வர வேண்டும். பழத்தட்டு, பட்டுப் பாவாடை எல்லாம் முன்னால் வந்தன. கடைசியில் மச்சான் ஒரு ரோஸ் கலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்னால் கூடை, கைப்பிடியில் குஞ்சம், ஹேண்டில்பாருக்குச் சாமந்தி மாலை. மாரியம்மன் கோயில் மூலையில் நின்றவர்களுக்கெல்லாம் தெரிகிற உயரம். பூங்கோதையை அதன்மேல் தூக்கி உட்கார வைத்தார். அவள் கால் பெடலுக்கு ஒரு முழம் மேலே தொங்கியது.

"மச்சான், இது பாப்பாவுக்கா, பாப்பா வூட்டுக்காரருக்கா?" என்று கேட்டேன்.

"சீருன்னா ஊருக்குத் தெரியணும் மாப்ள. அதுவுமில்லாம வளர்ற புள்ள" என்றார். அஞ்சலை முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமையை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

மறுநாளே சங்கடம் ஆரம்பித்தது. நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, அவள் நின்றுகொண்டே மிதித்தாள். கோமுகி வாய்க்கால் ஓரம் திரும்பும்போது என் கை நழுவிவிட்டது. கால் ஊன்ற எட்டவில்லை. பிள்ளையும் சைக்கிளும் வாய்க்காலுக்குள். முட்டி பெயர்ந்தது ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. அதற்குப் பிறகு ஏறமாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் சைக்கிளை விடவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துணி எடுத்துத் துடைப்பாள். பக்கத்தில் நின்று மணி அடிப்பாள். மற்ற பிள்ளைகள் தெருவில் வாடகை சைக்கிள் ஓட்டும்போது, இவள் மணி அடித்து வழிவிடச் சொல்வாள். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

"கடையில குடுத்துட்டு சின்னதா ஒண்ணு மாத்திக்கினு வந்துடறேன்" என்றேன்.

அஞ்சலை சீறினாள். "அண்ணன் சீர மாத்துவியா? நாளைக்கே தெருவுல இன்னா பேசுவாங்க? தாய்மாமன் குடுத்தது வேணான்னு திருப்பிட்டாங்கன்னு பேசுவாங்க. அண்ணன் மூஞ்ச எங்க வெச்சிக்கும்?"

அவள் சொன்னதும் நியாயம்தான். எங்கள் பக்கம் சீரைத் திருப்புவது உறவைத் திருப்புகிற மாதிரி. ஒரு பக்கம் பிள்ளையின் ஆசை, ஒரு பக்கம் மச்சானின் மரியாதை. நடுவில் நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் விஷயத்தை அவர் காதில் போட்டேன். டீ கொடுக்கும்போது, "சைக்கிள் அம்சமா இருக்குது மச்சான். அத ஓட்டறதுக்குத்தான் ஆளு இன்னும் வளரல" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். கழுத்தில் அளவு டேப். அதை அவர் கல்யாண வீட்டுக்குக்கூட மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு போகிறவர். பூங்கோதை வழக்கம்போல மணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா, மணி மட்டும் அடிச்சிக்கினு கீற?"

"மணி எட்டுது மாமா. மத்ததுதான் எட்டல."

அஞ்சலை உள்ளே போய்விட்டாள். நான் எங்கேயோ பார்த்தேன்.  மச்சான் சட்டைப்பையிலிருந்து நூல் எடுத்தார். பிள்ளையைச் சுவரோரம் நிற்க வைத்து, கவட்டிலிருந்து குதிகால் வரை நூலைப் பிடித்து ஒரு முடிச்சு போட்டார். அவள் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, விரல் நீளத்துக்கு இன்னொரு முடிச்சு. அளவெடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பாவாட பெருசா இருந்தா புள்ள தூக்கிப் புடிச்சிக்கினு நடக்கும் மாப்ள. சைக்கிள் பெருசா இருந்தா எத்தத் தூக்கிப் புடிக்கும்? நான் யோசிக்கல பாரு."

பிறகு உள்ளே கேட்கிற மாதிரி சத்தமாக, "அஞ்சல! சைக்கிள எடுத்துக்கினு போறேன். கொஞ்சம் தொளதொளன்னு கீது. புடிச்சித் தச்சி எடுத்தாறேன்" என்றார்.

மறுநாள் கள்ளக்குறிச்சிக்கு நானும் கூடப் போனேன், பஸ்ஸில். அவர் தன் பழைய கறுப்பு சைக்கிளில் வந்தார். சைக்கிள் கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே, "ஒரு சைஸ் பெருசாவே எடுங்கண்ணே, வளர்ற புள்ள" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். "அது என் வசனம்பா. எனக்கேவா?" என்றார் மச்சான்.

நூலை எடுத்தார். சீட்டிலிருந்து தரைக்குப் பிடித்துப் பார்த்தார். முடிச்சுக்கு மேலே போனதையெல்லாம் ஒதுக்கினார். சின்ன முடிச்சை பிரேக்கில் வைத்து, பிள்ளை விரல் மடங்குமா என்று பார்த்தார். ஒவ்வொன்றையும் ஒரு கையால் தூக்கினார். "உழுந்தா அதுவே தூக்கி நிறுத்தணும். ஒருத்தர கூப்பிடக் கூடாது." கடைக்காரர் பக்கத்தில் இரண்டு குட்டிச் சக்கரம் போடட்டுமா என்று கேட்டதற்கு, "ரெண்டு காலும் தரையில கீதே, அப்புறம் அது எதுக்கு?" என்றார். ரோஸ் கலர்தான் வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம். பரணிலிருந்து ஒன்றை இறக்கினார்கள்.

"பெரிய சைக்கிள குடுத்துட்டா மாத்திக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"அது சீரு. குடுத்தது குடுத்ததுதான்" என்று சொல்லி, தன் கறுப்பு சைக்கிளை அதற்கு ஈடாக அங்கே நிறுத்தினார். சங்கராபுரம் பக்கமும், மலைக்குக் கீழே இருக்கிற ஊர்களுக்கும் துணி மூட்டை கட்டிக்கொண்டு போன சைக்கிள் அது. சீட்டை ஒரு தடவை தட்டினார். அவ்வளவுதான். சின்ன சைக்கிளோடு நான் டவுன் பஸ்ஸில் ஏறினேன். அவர் அடுத்த பஸ்ஸில் வந்தார்.

மறுநாள் காலை பூங்கோதை முன்னால் சின்ன சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில். காலால் தரையைத் தள்ளித் தள்ளி, மூன்றாவது வீடு வரை போனாள். யாரும் பிடிக்கவில்லை. திரும்பி வந்து மூச்சு வாங்கக் கேட்டாள்: "மாமா, மீதி சைக்கிள் எங்க?"

"புடிச்சித் தச்சதுல மிச்சம் வந்துச்சி பாப்பா. அதுல நான் ஒண்ணு தச்சிக்கினேன்."

அவர் அந்தப் பெரிய ரோஸ் சைக்கிளில்தான் வந்து, அதைத் தெருமுனையில் நிறுத்தியிருந்தார். குஞ்சத்தோடு. அதற்குப் பிறகு சில வருஷம் எனக்குப் பேசுவதற்கு வேறு விஷயமே தேவைப்படவில்லை. நெட்டை மனிதர், நரைத்த மீசை, முட்டி இரண்டும் கைப்பிடியில் இடிக்க, கூடையில் துணி மூட்டையோடு போவார். "டெய்லருங்க எல்லாம் மிச்சத் துணிய சுடுவாங்கன்னு தெரியும். எங்க மச்சான் சுட்ட மிச்சம் சட்டையவிடப் பெருசு" என்று பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். ஊர் சிரித்தது. அவரும் சிரித்தார். சீரைத் திருப்பிய பேச்சு ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. அந்தச் சிரிப்புக்குள் அதை அவர் வைத்துத் தைத்துவிட்டார் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

பூங்கோதை ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று ரோஸ் சைக்கிளைத் துடைத்து எடுத்து வந்தார். "மடிப்பப் பிரிச்சிட்டேன் பாப்பா" என்றார். அவள் பன்னிரண்டாவது முடிக்கும் வரை அதில்தான் போனாள். நர்ஸ் படிப்புக்கு வெளியூர் கிளம்பும்போது, "மிச்சத் துணி உன்னுதுதான மாமா" என்று அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். சீரை இப்படியும் திருப்பலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவர் சீட்டை மறுபடி தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டார்.

போன வருஷம் நோய் அவரை அரித்துவிட்டது. அவர் தைத்த சட்டையே அவர்மேல் கொடியில் காய்கிற மாதிரி தொங்கியது. "கொஞ்சம் புடிச்சித் தச்சிக்கியேன் மச்சான்" என்றேன். கேலியாகச் சொல்லத்தான் பார்த்தேன். அவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டும் மாப்ள. வளர்ற புள்ள."

காரியம் முடிந்ததும் பூங்கோதை அந்த ரோஸ் சைக்கிளைக் கொண்டுவந்து என் கடையில் நிறுத்தினாள். இப்போது பால் எடுக்க அதில்தான் போகிறேன். பார்க்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. சீட்டு அவர் வைத்த உயரத்திலேயே இருக்கிறது. எனக்குக் கட்டைவிரல்தான் தரையில் படுகிறது. "இறக்கிக்கயேம்பா, உழப் போற" என்கிறாள் மகள்.

இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.