உரிமம் யார் பெயரில்

என் கணவர் இறந்து மூன்றாவது மாதம், அவருடைய தம்பி பம்பாயிலிருந்து வந்து எங்கள் கடைக் கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். துடைத்து என்றால் துணியால் இல்லை. உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புது விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தார். அண்ணன் போன வீட்டுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு. சிலர் அரிசி மூட்டை வாங்கிப் போடுவார்கள். அவருக்குத் தெரிந்தது இது.

"ஃபைல் எல்லாத்தையும் ஃப்ளாப்பில காப்பி பண்ணிட்டேன் மன்னி. ஒண்ணும் போகலை. இனிமே மெஷின் பறக்கும் பாருங்கோ" என்றார்.

தலையாட்டினேன். அந்த மாதங்களில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நன்றாக அழுதுவிடு, மனசு லேசாகும் என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன். அழுகை வரவில்லை. பசி வந்தது, தூக்கம் வந்தது, கடைக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் காலை ஒன்பது மணிக்குத் தானாக வந்தது. அழுகை மட்டும் வரவில்லை.

கடை என்பது மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், ஒற்றை அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு நாற்காலி. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், எப்போதாவது ஒரு புத்தகம் என்று தமிழில் அடித்துப் பக்கம் கட்டிக் கொடுப்போம். அடிப்பது நான், பக்கம் கட்டுவது அவர். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆகவே பத்தொன்பது வருஷம் வீட்டிலும் கடையிலும் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவர் போனபோது ஒரு புத்தகம் பாதியில் நின்றது. சாந்தோமில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், அந்தப் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வீட்டில் பாடிவந்த பழைய பாட்டுகளைப் பல வருஷம் அலைந்து சேகரித்திருந்தார். இருநூறு பக்கம். நான்கு முறை திருத்தம் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் திருத்தத்தை ஏற்றி முடித்ததும் என் கணவர் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார், எது கடைசி என்று குழப்பம் வரக் கூடாதென்று. அதனால் திருத்தி முடித்த புத்தகம் கம்ப்யூட்டர் ஃபைலில் மட்டும்தான் இருந்தது. அவர்கள் சர்ச் திருவிழாவுக்குள் அச்சாக வேண்டும். டீச்சருக்குக் கண்புரை முற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை முதலிலிருந்து பார்க்க அவரால் முடியாது.

தம்பி ஊருக்குக் கிளம்பிய மறுநாள் ஃப்ளாப்பியைப் போட்டு ஃபைலைத் திறந்தேன். திறக்கவில்லை. திறக்க வேண்டிய தமிழ் மென்பொருளே மெஷினில் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மென்பொருளுக்குச் சாவி ஃப்ளாப்பி என்று ஒன்று உண்டு. மூன்று தடவைதான் அதை வைத்து ஏற்றலாம். ஏற்றும்போது எண்ணிக்கையில் ஒன்று குறையும். மெஷினை அழிப்பதற்கு முன்னால் முறையாக உரிமத்தைச் சாவி ஃப்ளாப்பிக்குத் திருப்பி அனுப்பினால் அந்த ஒன்று மறுபடி ஏறும். அனுப்பாமல் அழித்தால் போனது போனதுதான். பம்பாயிலிருந்து வந்த தம்பிக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். அவர் மெஷினை அழிக்கும்போது பக்கத்து நாற்காலியில் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. பிற்பாடு பல பேர் அந்தப் பிள்ளையைக் குறை சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு தடவை பாக்கி இருந்தது. சாவி ஃப்ளாப்பியைச் செருகினேன். கரகரவென்று சத்தம் வந்தது, அவ்வளவுதான். இரண்டு முறை, மூன்று முறை. பிறகு சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் மெஷினுக்கு வழக்கமாகப் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். அவர் ஃப்ளாப்பியின் தகரத்தை நகத்தால் நகர்த்தி உள்ளே ஊதினார். மஞ்சளாகத் தூள் பறந்தது.

"இன்னா மேடம் இது? இன்னாத்த பூசி வெச்சிகீறீங்க?"

சந்தனம். ஆயுத பூஜைக்கு நான் வைத்தது. மானிட்டருக்கு, பிரிண்டருக்கு, மவுஸுக்கு எல்லாம் பொட்டு வைத்துவிட்டு, கடையின் ஆதாரமே இதுதானே என்று சாவி ஃப்ளாப்பிக்கு மட்டும் இரண்டு பக்கமும் தாராளமாக அப்பி, குங்குமமும் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களோடு அடுக்கினேன். மறுநாள் அவர் அதைத் துடைத்து உறையில் போட்டார். "சாமிக்கே லைசென்ஸ் குடுத்துட்டே போ" என்று சிரித்தார். அப்போது மென்பொருள் மெஷினில் ஓடிக்கொண்டிருந்ததால் ஃப்ளாப்பி கெட்டது யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் இரண்டு மாதம் இருந்தார்.

மெக்கானிக் ஃப்ளாப்பியைத் திருப்பித் தந்தார். "உள்ள தேஞ்சி போச்சி மேடம். ஒண்ணும் பண்ண முடியாது. கம்பெனில போயி வேற கேளுங்க. சார் இன்னா சொல்றாரு?"

அவருக்கு விஷயம் தெரிந்திருக்கவில்லை. நான் சொன்னேன். கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, என் கண் காய்ந்துதான் இருந்தது. எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

மென்பொருள் கம்பெனி தி.நகரில். பாண்டி பஜாரிலிருந்து ஒரு திருப்பத்தில், ஜவுளிக் கடைக்கு மேலே. வாசலில் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் கண்ணாடி அறையில் மேனேஜர். எங்களிடம் இருந்தது இரண்டாம் பதிப்பு. அவர்கள் விற்பது மூன்றாம் பதிப்பு.

"மூணாவது வாங்கிக்குங்க மேடம். சூப்பரா இருக்கும்" என்றார் மேனேஜர்.

"அதுல எங்க பழைய ஃபைல் திறக்குமா?"

"திறக்காது. எழுத்தெல்லாம் வேற இடத்துல வெச்சிருக்கோம். ஆனா மாத்திக்கலாம். அதுக்கு ஒரு புரோகிராம் இருக்கு."

"அதைக் குடுங்கோ."

"குடுக்கறோம். ஆனா அதுக்கு முன்னாடி ஃபைலை ரெண்டாம் பதிப்புல திறந்து ஒரு தடவை சேமிக்கணும்."

"ரெண்டாம் பதிப்புதான் சார் என்கிட்ட இல்லை."

"அதாம்மா பிரச்சினை" என்றார், ரொம்ப வருத்தமாக, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல.

இந்தப் பேச்சு முதல் நாள் நடந்தது. இரண்டாவது தடவை போனபோதும் வார்த்தை மாறாமல் நடந்தது. மூன்றாவது தடவை அவர் இல்லை, லஞ்சுக்குப் போயிருந்தார். நான்காவது தடவை கெட்டுப்போன சாவி ஃப்ளாப்பியை ஒப்படைத்தால் புதிது தரலாம் என்று ஒரு வழி பிறந்தது. ஆனால் உரிமம் பெற்றவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"அவர் இல்லை" என்றேன்.

"ஊர்ல இல்லையா? பரவால்ல, வந்தப்புறம் அனுப்புங்க."

கைப்பையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அதைப் படித்தார். பெயரைத் தங்கள் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். உரிமம் பெற்றவர் பெயர் என்ற இடத்தில் எழுதினேன். எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆயிரம் தடவை டைப் அடித்த பெயர். சொல்வதுதான் கிடையாது.

எங்கள் வீட்டில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்வதில்லை. அம்மா சொன்னதில்லை, மாமியார் சொன்னதில்லை. அது சரியா தவறா என்று உட்கார்ந்து யோசித்ததும் இல்லை. நான் "ஏன்னா" என்று கூப்பிடுவேன். ஃபோனில் யாராவது பேரைச் சொல்லிக் கேட்டால் "இருக்கார், குடுக்கறேன்" என்பேன். போதாததற்குக் கடைக்கும் அவர் பெயரைத்தான் வைத்தார். எங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் "குளத்துக்குப் பின்னால, மாடில கம்ப்யூட்டர் கடை" என்று சமாளிப்பேன். அவருக்கு அதில் ஒரே கேலி. "ஒரு தடவை சொல்லேன். வாய் வெந்தா போயிடும்?" என்பார். எலெக்ட்ரிசிட்டி ஆபீஸ், பாங்க் எல்லாவற்றுக்கும் என்னையே அனுப்பிவைத்து, பேர் கேட்டார்களா, என்ன சொன்னாய் என்று வந்ததும் விசாரிப்பார். சீட்டில் எழுதிக் காட்டினேன் என்பேன். எனக்குக் கோபம்கூட வரும். பிடிவாதமாகச் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியிலும் தம்பிதான் சொன்னார்.

ஒரு வாரம் கழித்துப் புதுச் சாவி ஃப்ளாப்பி கிடைத்தது. மேனேஜர் நல்ல மனிதர்தான். மேலிடத்தில் பேசி வாங்கியிருக்கிறார். "ஒரே ஒரு தடவைதான் ஏறும் மேடம். ரெண்டாம் பதிப்பை இத்தோட நிறுத்தறோம். ஏத்தும்போது ஸ்க்ரீன்ல ஒரு நம்பர் வரும். இந்த ஃபோனுக்குக் கூப்பிட்டு, லைசென்ஸ் யாரு பேர்லயோ அவங்க பேரையும் அந்த நம்பரையும் சொல்லுங்க. பதில் நம்பர் குடுப்பாங்க. ஸ்க்ரீனை மூடிடாதீங்க, மூடினா அந்த ஒண்ணும் போயிடும்."

திருவிழாவுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. டீச்சர் அன்று காலையில் கடைக்கு வந்து படியேறி மூச்சு வாங்க உட்கார்ந்தார். "முடியலைன்னா சொல்லிடும்மா. நான் ஃபாதர்கிட்ட சொல்லிக்கிறேன். உன் நிலைமை எனக்குத் தெரியாதா" என்றார். அப்படிச் சொல்லும்போதே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடியாதென்றால் இந்தம்மாள் இனி யாரிடமும் கொடுக்கப் போவதில்லை, அந்தப் பாட்டுகள் இவரோடு போய்விடும் என்று எனக்குப் புரிந்தது. "நாளைக்குச் சொல்றேன் டீச்சர்" என்றேன். அவர் கிளம்பிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு ஃப்ளாப்பியைச் செருகினேன்.

ஏறியது. பாதியில் நின்று நம்பர் காட்டியது. ஃபோன் செய்தேன். ஒரு சின்னப் பெண் எடுத்தாள்.

"லைசென்ஸ் யார் பேர்ல மேடம்?"

"எங்காத்துக்காரர் பேர்ல."

"பேரு சொல்லுங்க."

"உங்க ஃபாரத்துல எழுதியிருக்கேனே."

"ஃபாரம் வேற ஆபீஸ்ல இருக்கு மேடம். என்கிட்ட லிஸ்ட்டுதான். பேரை வெச்சுதான் தேடணும்."

"கடை பேர்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அதுவும் அதே பெயர்தான். நம்பரை வேண்டுமானால் சொல்கிறேன் என்றேன். நம்பர் அப்புறம், முதலில் பெயர் என்றாள். பக்கத்தில் யாரையாவது கூப்பிடலாமா என்று பார்த்தேன். எதிர் அறைத் தையல்காரர் பூட்டிக்கொண்டு போயிருந்தார். டீச்சர் சந்து முனையைத் தாண்டியிருப்பார். ஸ்க்ரீனை விட்டு எழுந்திருக்கவும் பயம், யாராவது வந்து எதையாவது தட்டிவிட்டால்.

"ஹலோ மேடம், இருக்கீங்களா? நீங்க சொல்லலைன்னா பரவால்ல, சாரைக் கூப்பிட்டு அவர்கிட்ட குடுங்களேன். அவரே சொல்லட்டும்."

அவள் மேல் தப்பில்லை. யாரோ கொடுத்த லிஸ்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருஷம் ஃபோனில் சொன்ன பழக்கத்தில், இதோ குடுக்கறேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ரிசீவரை நீட்டப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பியும்விட்டேன். நாற்காலி மேல் பேப்பர் கட்டு இருந்தது.

பெயரைச் சொன்னேன். இனிஷியலோடு, முழுசாக. தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

"ஓகே மேடம். இப்ப அந்த நம்பர்" என்றாள். படித்தேன். "எழுதிக்குங்க" என்று பன்னிரண்டு இலக்கம் சொன்னாள். எழுதினேன். "ரொம்ப தேங்க்ஸ்ம்மா" என்றேன். வைத்துவிட்டாள்.

இலக்கங்களை அடித்தேன். டீச்சரின் ஃபைலைத் திறந்தேன். எழுத்தெல்லாம் எழுத்தாக, அதது அதன் இடத்தில் இருந்தது. நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம் வரை அவர் ஓரம் விட்டு, பாட்டின் வரிகளை உடைத்து, அழகாக முடித்திருந்தார். அதற்கப்புறம் நான் அடித்தது அப்படியே நீளமாக ஓடியது. அந்த இடத்தில் மவுஸைக் கொண்டுபோய் வைத்தேன். வேலையைத் தொடங்கவில்லை.

இன்னொரு தடவை அவர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், மெதுவாக. வாய் ஒன்றும் வெந்துபோகவில்லை. எவ்வளவு சுலபம் என்று தெரிந்தபோதுதான் அழுகை வந்தது. பத்தொன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மனிதர் கேட்டார், நான் கொடுக்கவில்லை. தி.நகரிலிருந்து ஒரு பெண் ஒரு தடவை கேட்டாள், கொடுத்துவிட்டேன்.