பதினோராம் ரீலில் வெட்டிய பாட்டு

"ஏனப்பா ஆறுமுகம், படத்துல பத்து நிமிஷத்தைக் குறைச்சிடு. ஒரு ஷோ ஜனம் வெளிய போறதுக்குள்ள அடுத்த ஷோ ஜனம் கேட்ல நிக்குது."

படம் போட்ட வெள்ளிக்கிழமை மேனேஜர் இப்படிச் சொன்னார். தொண்ணூறுகளின் ஆரம்பம். ஒக்கலிபுரம் பக்கம் பழைய படங்களைத் திரும்பப் போடும் தியேட்டரில் நான் புரொஜெக்டர் ஓட்டும் ஆபரேட்டர். அந்த வாரம் ஒரு உளவாளிப் படம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் நால்வருமாகக் கடத்தல் கும்பலைப் பிடிப்பார்கள்.

படத்தைக் குறைக்க எங்களுக்குத் தெரிந்த வழி, பாட்டைத் தூக்குவதுதான். ஆரம்பத்தையும் முடிவையும் பார்த்து வெட்டி, பிலிம் ஒட்டுகிற சிமெண்ட் வைத்து ஒட்டுவோம். துண்டை டப்பாவில் வைத்திருந்து, படம் விநியோகஸ்தரிடம் திரும்பப் போகும்போது சேர்த்துவிடுவோம். பதினோராம் ரீலில் நீளமான பாட்டு இருந்தது, வெட்டினேன். அதன் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. ஆபரேட்டருக்குக் கண் புரொஜெக்டர் விளக்கில் எரியும் கார்பன் குச்சி மேல்தான் இருக்கும்.

சனிக்கிழமை ஒரு பெண் கேபின் படியேறி வந்தார். பெயர் பிலோமினா, நீலசந்திராவில் வீட்டிலேயே தையல் வேலை. பின்னால் புருஷன்.

"அண்ணா, நாலு பேரையும் குடோன்ல கட்டிப் போட்டாங்க. அடுத்த சீன்ல கார்ல போறாங்க. எப்படித் தப்பிச்சாங்க?"

எனக்குப் பெண்களிடம் பேச வராது. "தெரியலைம்மா" என்று ரீலைச் சுற்றினேன்.

"சின்ன வயசுல பார்த்தேண்ணா. தப்பிக்கிறதுதான் படமே. இவருகிட்ட பத்து வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

"கனவுல பார்த்திருப்பா" என்றார் புருஷன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேருடன் வந்தார். கயிற்றைப் பிள்ளை பல்லால் கடித்தது என்றார் ஒருவர். இல்லை, அம்மாவின் கொண்டை ஊசி என்றார் இன்னொருவர். நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம், அதுவும் ரீல் மாற்றுகிற நேரத்தில்! ஒரு நொடி தவறினால் திரை வெள்ளையாகும், திட்டு எனக்கு விழும்.

திங்கட்கிழமை மேட்னிக்கு வந்த பிலோமினா நேராக மேனேஜரிடம் போனார். விநியோகஸ்தருக்கு எழுதிப் போடுவேன் என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா. ஆபரேட்டர் அவனா வெட்டியிருப்பான். கடுதாசி வந்தா அவன் வேலை போகும், அவ்வளவுதான்."

பக்கத்தில்தான் நின்றேன். படித்தது மூன்றாம் வகுப்பு. இந்த வேலை போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

மேலே போய், யாரையும் கேட்காமல் துண்டை ஒட்டினேன். அன்றுதான் அந்தப் பாட்டை முழுசாகப் பார்த்தேன். கும்பல் ஆடிக்கொண்டிருக்கும்போதே நால்வரும் கட்டை அவிழ்த்து, பேண்டு வாத்தியக்காரர் உடுப்பில் டிரம் அடித்தபடி வாசல் வழியாகவே வெளியேறுகிறார்கள்!

ஷோ தாமதமாக முடிந்தது. அடுத்த ஷோவுக்கு வந்தவர்கள் வெளியே கேட்டை உலுக்கினார்கள். மேனேஜர் கத்திக்கொண்டே மேலே வந்தார். அவருக்கு முன்னால் பிலோமினா வந்து நின்றார்.

"ஹெலிகாப்டர் எங்கண்ணா? கூரையைப் பிச்சுக்கிட்டுப் போவாங்களே?"

"அதையும் வெட்டிட்டியா?" என்றார் மேனேஜர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஹெலிகாப்டர் இந்தப் படத்துலயே கிடையாதும்மா. படத்தைக் குறைக்கச் சொன்னது சார்தான். இனிமே வெட்டணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்."

"அப்ப நீங்கதானா சார்?" என்று பிலோமினா அவர் பக்கம் திரும்பினார். புருஷன் சிரித்தார். மேனேஜர் படியிறங்கிப் போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெட்டும் முன் நடுவில் இருப்பதைப் பாருங்கள். வெட்டச் சொல்கிறவரிடம் எழுதி வாங்குங்கள். எங்கள் மேனேஜர் கடைசிவரை ஒரு சீட்டிலும் கையெழுத்துப் போடவில்லை. நானும் பிறகு ஒரு படத்தையும் வெட்டவில்லை.