பூ ஆடிய இடம்

போன வருஷம் ஆடிப்பெருக்கு அன்று நடந்தது இது. காவிரியில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியதால் அம்மா மண்டபம் படித்துறையில் யாரையும் இறங்க விடவில்லை. "ஸ்ரீரங்கத்துல சொந்தமா குளமே கட்டி வச்சிருக்கீங்க, அப்புறம் என்ன?" என்று உறவுக்கூட்டம் நேராக எங்கள் வீட்டு நீச்சல் குளத்துக்கு வந்துவிட்டது.

அந்தக் குளம் என் கணவருக்குச் செல்லப்பிள்ளை. தினமும் வலை போட்டு இலை அள்ளுவார், குளோரின் பார்ப்பார். பிள்ளைகள் இறங்கினால் போதும், செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். குளத்து வாட்ச்மேன் என்று எல்லோரும் கிண்டலடிப்போம். ஆரம்பித்து வைப்பது பெரும்பாலும் நான்தான்.

அன்று பிள்ளைகள் ஒரு பக்கம் கும்மாளமிட, பெண்கள் மறுபக்கம் மஞ்சள் நீரும் பூவும் விட்டுக் கும்பிட்டார்கள். போதாததற்கு என் நாத்தனார் முளைப்பாரியை மண்ணோடு கரைத்துவிட்டாள். பளிங்கு மாதிரி இருந்த தண்ணீர் குழம்பிப் போனது. இவர் பதறி எழுந்து வந்தார்.

"தரை தெரியல. எல்லாரும் மேல ஏறுங்க."

"நல்ல நாளும் அதுவுமா ஏண்ணே விரட்டுறீங்க?" என்று நாத்தனார் முகம் சுருங்கினாள். எனக்கே எரிச்சலாக இருந்தது. இவர் அதைக் காதில் வாங்காமல் ஈரத் தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். நாத்தனாரின் ஆறு வயது மகளைக் காணோம்.

ஒரு சத்தம் இல்லை. கூப்பாடு இல்லை, கையைக் காலை அடிக்கவில்லை. இத்தனை பேர் பக்கத்திலேயே நிற்கிறோம்! பழுப்புத் தண்ணீருக்குள் ஒன்றும் தெரியவில்லை. மிதந்த பூவெல்லாம் மோட்டார் இழுக்கும் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சாமந்திகள் போகாமல் நின்று லேசாக ஆடின. இவர் வேட்டியோடு அங்கே குதித்தார்.

அடியிலிருந்து அள்ளிவந்து கரையில் போட்டதும் குழந்தை தண்ணீரைக் கக்கி வீறிட்டு அழுதாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு நாள் வைத்துப் பார்த்து, பயமில்லை என்று அனுப்பினார்கள்.

காவிரித் தாய்தான் பூவைக் காட்டினாள் என்கிறாள் நாத்தனார். இருக்கலாம், எனக்கும் நினைத்தாலே மெய்சிலிர்க்கிறது. ஆனால் அந்தப் பூவைப் பார்க்க இவர் ஒருவருக்குத்தானே தோன்றியது!

இந்த ஆடிக்கு முளைப்பாரியைப் பித்தளை அண்டாவில் கரைத்தோம். குளக்கரை நாற்காலியில், போனை உள்ளே வைத்துவிட்டு, நானும் முறை போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் யார் என்ன பேசினாலும் என் கண் தண்ணீரை விட்டு அகலவில்லை. ஓர் உயிரைத் தண்ணீர் எவ்வளவு அமைதியாகக் கேட்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.