பதினான்கு புள்ளி ஏழு

மலைமேல் இருக்கும் சோளக்காடு என்ற ஊரில் பைக் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முருகானந்தத்துக்கு, மனைவி பாவாயிக்கு அடுத்தபடி பிரியமானது ஒரு மீட்டர். அதன் சென்சாரைச் சைலன்சரில் மாட்டினால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று எஞ்சினுக்குள் போகிறது என்று எண்ணில் காட்டிவிடும். பதினான்கு புள்ளி ஏழு வந்தால் கலவை சரி. அந்த எண் வரும்வரை கார்புரேட்டரை விடமாட்டார். வந்துவிட்டால் போதும், சந்தைக்கு மிளகு வாங்க வந்தவர்களைக்கூட நிறுத்திவைத்துக் காட்டுவார்.

அப்படிப்பட்டவரின் மானத்தை வீட்டு பைக்கே வாங்கியது. பாவாயி அடிவாரத்துத் தையல் கம்பெனிக்கு அதில்தான் போய்வருவாள். அவளுடைய அப்பா ஓட்டிய பைக். அவர் காலமான பிறகு வேறு யாரையும் அவள் ஓட்டவிட்டதில்லை. போன மாதம் முருகானந்தம் கடையில் டியூன் செய்து கொடுத்ததிலிருந்து அது வீடு திரும்பும்போது, மலையேறத் தொடங்கியதுமே திக்கித் திணறியது. ஒருநாள் பின்னால் லாரி வர, வளைவிலேயே நின்றுபோனது.

"பயமா இருக்குதுங்க. இந்த வாரத்துல சரியாகலைன்னா வித்துப்போடலாம்," என்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முருகானந்தத்துக்கு மனசு கேட்கவில்லை. கடையில் மீட்டரை மாட்டினார். பதினான்கு புள்ளி ஏழு! அப்படியானால் பெட்ரோல்தான் மோசம் என்று முடிவுகட்டி, விலை கூடிய, ஆக்டேன் அதிகமான பெட்ரோலைப் போடவைத்தார். எண் இம்மியும் அசையவில்லை, திணறலும் போகவில்லை. மீட்டரே கெட்டுவிட்டதோ என்று, அதை விற்ற ராசுவுக்குப் போன் செய்தார்.

"அது புகையில மிஞ்சுற ஆக்சிஜனத்தான் பாக்குமுங்க அண்ணே," என்றார் ராசு. "ஆக்டேனுங்கறது பெட்ரோல் தானா முந்தி வெடிக்காம தாங்குற சக்தி. அது மீட்டருக்குத் தெரியாது. பெட்ரோல்ல எத்தனால் கலந்திருந்தா காத்து கொஞ்சம் கம்மியாப் போதும். ஆனா கலவை சரியா இருந்தா, அப்பவும் இந்த மீட்டர் பதினாலு புள்ளி ஏழுன்னுதான் காட்டும். வண்டி எங்க திணறுதோ அங்க வெச்சுப் பாருங்க."

எத்தனை வருஷமாகக் கடை நடத்துகிற மனிதர்! அந்த மீட்டரை அவர் ஒருநாளும் மலையை விட்டுக் கீழே கொண்டுபோனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீட்டரும் கையுமாகப் பாவாயியின் பின்னால் உட்கார்ந்து இறங்கினார். அடிவாரத்தில் எண் பதினைந்தரை. திரும்பி வளைவு வளைவாக ஏற, எண் இறங்கிக்கொண்டே வந்து கடைவாசலில் பதினான்கு புள்ளி ஏழில் நின்றது. மேலே மெலிந்த காற்றுக்கு அளந்துவைத்த பெட்ரோல், கீழே அடர்ந்த காற்றுக்குப் போதவில்லை.

"நான் கடைவாசலுக்கு மட்டுந்தான் டியூன் பண்ணி வெச்சிருக்கேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பாவாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுபடி இறங்கினார்கள். அடிவாரத்தில் புளியமர நிழலில் குந்தி, பெட்ரோல் சற்றுக் கூடுதலாகப் போகும்படி கார்புரேட்டர் ஊசியை ஒரு படி உயர்த்தினார். இந்த முறை பைக் எங்கும் நிற்காமல் ஏறியது. பாவாயி டேங்கை அவ்வப்போது தட்டிக்கொடுத்தாள்.

கடைவாசலில் மீட்டர் பதினான்கு காட்டியது. முருகானந்தத்தின் கை தானாக ஸ்க்ரூடிரைவருக்குப் போனது.

"ஏனுங்க, மறுபடியுமா?" என்றாள் பாவாயி.

அவர் அவளைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார். மீட்டரை ஆஃப் செய்தார்.

"வண்டிய வித்துப்போடலாமா?"

"எங்கப்பன் வண்டிய எதுக்குங்க விக்கோணும்?" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.