தங்கை சுமந்த கடலைக்கொடி

உதவி செய்யப் போனேன் என்று வெளியில் சொல்வதெல்லாம் மரியாதைக்கு. நான் போனது ஒரு ஆளைத் தலைகுனிய வைக்க.

புத்தூர் பக்கம் மலையடியில் எங்கள் ஊர். கோடையில் சரிவிலுள்ள காய்ந்த புல்லைக் கொளுத்திவிட்டால் மழைக்குப் பிறகு இளம்புல் வரும் என்று ஒரு வழக்கம். வருஷாவருஷம் கொளுத்துவது என் தங்கையின் பக்கத்து வீட்டு ஆள். ஊருக்கே தெரியும், யாரும் முகத்துக்கு நேராகக் கேட்டதில்லை. இந்த வருஷம் காற்று திரும்பிவிட்டது. நெருப்பு இறங்கி வந்து வைக்கோல்போர், கொட்டகை எல்லாவற்றையும் எரித்தது. தங்கையின் கறவைப் பசு கட்டுத்தறியிலேயே வெந்து போனது. புருஷனை இழந்தவளுக்கு அந்தப் பால்தான் சோறு.

நான் திருப்பதியில் ஓட்டல் வேலை. கூட வேலை செய்பவர்களையும் ரேணிகுண்டா பட்டறை ஆட்களையும் திரட்டி, குடிபாலா பக்கம் வீடு வீடாகக் கேட்டு, ஊர் மாடுகளுக்குத் தீவனமாக ஒரு லாரி வேர்க்கடலைக்கொடி கொண்டுவந்தோம். அவர்கள் கொட்டகைச் சாம்பலை அள்ளினார்கள். நான் லாரிமேல் உட்கார்ந்து அந்த ஆளுக்காகக் காத்திருந்தேன். அவன் தீவனமும் எரிந்திருந்தது. எருமைகள் மட்டும் தப்பியிருந்தன.

வந்தான்.

"யார் கொளுத்துனதுன்னு எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லு. அப்புறம் கொடி தரேன்" என்றேன்.

துண்டை முறுக்கிக்கொண்டு நின்றான்.

"அண்ணா, எரும இன்னா பண்ணுச்சு?" என்றார் பட்டறைக்காரர் ஒருவர்.

பட்டினி கிடக்கட்டும் என்றேன். அதற்காக இன்றும் நான் வருத்தப்படவில்லை.

தங்கை லாரியிலிருந்து ஒரு கொடிக்கட்டை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்தாள். இவளுக்கு என்ன இரக்கம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் ஓடிப்போய் வாங்கக் கை நீட்டினான்.

"நீ தொடாத மாமா. தெனம் நானே வந்து போடறேன். நீ நின்னு பாத்துக்கினு இரு."

அப்போதுதான் புரிந்தது, அவள் என்னைவிடப் பொல்லாதவள்.

தினமும் காலையில், தெருவே பார்க்க, கட்டோடு போனாள். அவள் குரல் கேட்டால் எருமைகள் எழுந்து நிற்கும். அவன் கூப்பிட்டால் திரும்பாது. நான் லீவு கிடைத்தபோதெல்லாம் அதைப் பார்க்கவே பஸ் ஏறினேன்.

மழை பெய்து புல் முளைத்தது. அன்று அவன் தெருவின் நடுவில் அவளை மறித்தான். கண் கலங்கியிருந்தது.

"நாந்தாம்மா கொளுத்துனேன். எல்லாரும் கேக்கற மாதிரி சொல்றேன். போதும், வுட்டுடு."

தங்கை தலையிலிருந்த கட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"தெரியும். வழி வுடு மாமா, எரும காத்துக்கினு கீது."