நத்தைக் கொம்பின் கீழே ஒரு புள்ளி

எங்கள் எம்ப்ராய்டரி கடையில் அக்காவுக்கு நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்ளவில்லை. "பூதத்தை மட்டும் எடுத்துடு தம்பி, கண்ணாடி இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

லோகோ படத்தைத் தையலாக்குவது அவர் வேலை. கேட்க எளிதாகத்தான் இருக்கும். வருகிற படமோ யாரோ போனில் பிடித்து, இன்னொருவர் அனுப்பி, மூன்றாமவர் வெட்டியெடுத்த தபால்தலை அளவு மங்கல். பெரிதாக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டாகிவிடும். அக்கா அதன் மேல் கோடு கோடாகப் புதிதாக வரைவார். அதுதான் வெக்டர். சட்டைப் பைக்கும் வைக்கலாம், லாரிக்கும் வைக்கலாம், உடையாது. பிறகு ஊசி எங்கே முதலில் இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தையல் தையலாக முடிவு செய்து மெஷினுக்கான ஃபைலாக மாற்றுவார். நூல் துணியை இழுத்துக்கொள்ளும் என்பதால், துணியில் வட்டம் வேண்டுமென்றால் திரையில் முட்டை வரைய வேண்டும். அந்தக் கணக்கில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்த ஃபைலை மெஷினில் ஏற்றி ஓட்டுகிறவன் நான். அவர் யோசிக்கிற நேரமெல்லாம் என் மெஷின் சும்மா நிற்கும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறெரியும்.

யோசனை என்றால் சாதாரண யோசனை இல்லை. பல் டாக்டரின் லோகோவில் பல்லுக்கு ஏன் இரண்டே வேர் என்று டாக்டருக்கே போன் போட்டவர். அரை மணி நேரம் பேசி, கடைசியில் தன் கடைவாய்ப்பல்லையும் காட்டிவிட்டு வந்தார். விருந்துக்குப் போன வீட்டில் திரைச்சீலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். கல்யாணமான புதிதில் மாமியாரின் மேஜைவிரிப்பை அப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தை, இதை ரெண்டு பேர் தைச்சிருக்காங்க" என்றாராம். முழுக்கத் தன் கைவேலை என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மாதம் நத்தைக்காரர் அறுபது சட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கித் தரும் தொழில் அவருடையது. முதுகில் வீட்டைச் சுமக்கும் நத்தை அவருடைய லோகோ. ஒன்பது வருடத்துக்கு முன்பு அதை வெக்டராக்கிக் கொடுத்ததே அக்காதான். பழைய ஃபைல் கையிலேயே இருந்ததால் வேலை மளமளவென்று முடியும் என்று நினைத்தேன்.

மாதிரிக்கு ஒன்று ஓட்டும்போது நத்தைக் கொம்புக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளியில் நூல் அறுந்தது. மறுபடி கோத்தேன், மறுபடி அறுந்தது. கடுகளவு இடத்தில் ஊசி திரும்பத் திரும்பக் குத்தினால் நூல் உருண்டை கட்டத்தான் செய்யும். மூன்றாம் தடவை துணியே ஓட்டையாகிவிட்டது.

"அக்கா, இந்தப் புள்ளியைத் தூக்கிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எதுக்கு இருக்குன்னே தெரியாம எப்படித் தூக்கறது?" என்று அவர் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"அதை மட்டும் தொடாதீங்கம்மா" என்றார் நத்தைக்காரர். "அந்த நத்தையை வரைஞ்சது என் வீட்டுக்காரி. அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அந்தப் புள்ளி என்னன்னு எனக்கே தெரியாது. மழைத்துளியா, கண்ணீரா, அப்ப அவ வயித்துல இருந்த எங்க பொண்ணான்னு, ராத்திரி பகலா யோசிச்சிட்டே இருக்கேன்."

நான் மெஷினை நிறுத்தினேன். அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே பழைய ஃபைல்களைத் திறந்தார். அந்த அம்மாள் பேனாவால் வரைந்த தாளை ஸ்கேன் செய்த படம் அப்படியே இருந்தது. பெரிதாக்கி, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தார். கொம்பில் பேனா அழுந்திய கருப்பு. புள்ளி மட்டும் சாம்பல் நிறம். அது எப்படி என்று அதே வாரத்தில் ஸ்கேன் செய்த மற்ற தாள்களையும் திறந்தார். தையல் பள்ளியின் கத்தரிக்கோல், நாய் டாக்டரின் நாய், பூட்டுக் கடையின் சாவி. மூன்றிலும், தாளின் ஓரத்திலிருந்து அளந்தால் அதே இடத்தில், அதே புள்ளி.

"தம்பி! ஸ்கேனர் கண்ணாடில என்னவோ ஒட்டியிருந்திருக்கு!" அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மற்ற படங்களில் புள்ளி வெற்றிடத்தில் விழுந்திருந்ததால் வெக்டராக வரையும்போதே விட்டுவிட்டிருக்கிறார். நத்தையில் கொம்புக்கு நேர்கீழே விழுந்ததால், படத்தோடு சேர்ந்தது என்று நினைத்து அழகாக வட்டம் போட்டுவிட்டார். அது அவருக்கு உறைத்ததும் பூரிப்பு இறங்கிவிட்டது.

"சொல்லிடாதீங்க" என்றேன். "புள்ளியைக் கொஞ்சம் பெருசாக்கித் தைச்சுக் கொடுத்துடுவோம். அந்த மனுஷனுக்கு மிச்சம் இருக்கறதே அது ஒண்ணுதான்."

"நம்ம கடைத் தூசியைப் பார்த்து அவர் அழுதுட்டிருக்காரே தம்பி."

"உங்களுக்குத் தெரிஞ்சுக்கணும், சரி. தெரிஞ்சதை அடுத்தவர் தலையில ஏன் கட்டணும்?"

கோபத்தில்தான் கேட்டேன். அக்கா பிரிண்டருக்குத் தாள் போட எழுந்து போனார்.

மறுநாள் காலை மாதிரி பார்க்க நத்தைக்காரர் வந்தார். அக்கா நான்கு தாள்களை அச்செடுத்து அவர் முன்னால் வைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நான் எண்ணெய் போடுவதுபோல மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். மனதுக்குள் அக்காவைத் திட்டினேன், நன்றாகவே திட்டினேன். நத்தைக்காரர் நான்கு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நான்கு புள்ளிகளும் ஒன்றாகிவிட்டன. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். கண்ணில் தண்ணீர் இருந்தது உண்மைதான். ஆனால் மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போட்டுக் கொடுத்த நத்தையை வச்சுப் போர்டு மாட்டின அன்னிக்கே அவகிட்ட கேட்டேம்மா, இது என்ன புள்ளின்னு. ஒரு நிமிஷம் உத்துப் பார்த்தா. அப்புறம் 'நீங்களே கண்டுபிடிங்க பார்ப்போம்'னா. ஏழு வருஷம் கேட்டேன், ஏழு வருஷமும் அதே பதில். அவளுக்கே தெரியலை! தெரியாமலே என்னைச் சுத்த விட்டிருக்கா!"

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "மன்னிச்சிடுங்கண்ணே, என் தப்புதான். எடுத்துடட்டுமா?"

"எடுக்காதீங்கம்மா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணும் தினம் கேக்கறா, அது என்னப்பான்னு. அப்பாவுக்குத் தெரியலைடான்னு சொல்லிட்டிருந்தேன். இன்னிக்குக் கேட்டா, நீயே கண்டுபிடி பார்ப்போம்னு சொல்லப்போறேன்."